குவார்ட்டர்பேக்கா? முதலில் எங்கே இடம் காலி என்று பாருங்கள்

அமெரிக்காவில் ஹைஸ்கூல் ஃபுட்பால் ஆடும் குவார்ட்டர்பேக், அதாவது பந்தை எறிந்து தாக்குதலை நடத்துபவர், காலேஜ் அணியில் சேர நினைத்தால் எடுத்த எடுப்பிலேயே புரிந்துகொள்ள வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. ஒரு காலேஜ் ஒரே வருஷத்தில் பந்தைப் பிடிக்கும் ரிசீவர்கள் பலரை எடுக்கும், எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்கள் பலரை எடுக்கும், ஆனால் குவார்ட்டர்பேக் பெரும்பாலும் ஒரே ஒருவர்தான். அந்த இடம் நிரம்பிவிட்டால் நீங்கள் எவ்வளவு அழகாக எறிந்தாலும் பயனில்லை. அதனால் எனக்கு எந்தக் காலேஜ் பிடிக்கும் என்று யோசிப்பதற்கு முன், நான் பள்ளி முடிக்கும் வருஷத்தில் யாருக்கு ஆள் தேவைப்படும் என்று தேடுங்கள்.

இதற்கு யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம். ஒவ்வொரு காலேஜின் இணையதளத்திலும் அணியின் ரோஸ்டர், அதாவது ஆட்டக்காரர் பட்டியல், இருக்கிறது. குவார்ட்டர்பேக்குகள் எத்தனை பேர், யார் எந்த வருஷம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். இரண்டு பேர் கடைசி வருஷ சீனியர் என்றால் சீக்கிரமே இடம் காலியாகும். எல்லாரும் புதுசாகச் சேர்ந்தவர்கள் என்றால் அங்கே கஷ்டம். 2018-ல், காலேஜ் மாற விரும்பும் ஆட்டக்காரர்கள் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வந்த பிறகு பெரிய அணிகள் பலவும் வேறு காலேஜில் ஆடித் தேறியவரையே கூட்டிக்கொள்கின்றன, எனவே மேல்தட்டான எஃப்பிஎஸ் அணிகளை மட்டும் எழுதிவைத்துக் காத்திருக்காதீர்கள். அதற்குக் கீழுள்ள எஃப்சிஎஸ், டிவிஷன் டூ, டிவிஷன் த்ரீ, என்ஏஐஏ என்ற தனிச் சங்கத்தின் காலேஜ்கள், இரண்டு வருஷ ஜூனியர் காலேஜ் எல்லாம் அந்த நோட்டில் இருக்கட்டும். டிவிஷன் த்ரீயில் விளையாட்டுக்கென்று ஸ்காலர்ஷிப் கிடையாது, ஆனால் மார்க்குக்கும் குடும்ப வருமானத்துக்கும் ஏற்ற உதவித்தொகை உண்டு.

மார்க் என்றதும் நினைவுக்கு வருகிறது: டிவிஷன் ஒன்னில் (எஃப்பிஎஸ், எஃப்சிஎஸ் இரண்டும் இதில்தான்) ஆட ஹைஸ்கூலில் ஆங்கிலம், கணக்கு போன்ற 16 கோர் பாடங்கள் வேண்டும், அவற்றில் ஜிபிஏ, அதாவது 4-க்குக் கணக்கிடும் சராசரி மார்க், 2.3-க்குக் குறையக்கூடாது, அதிலும் 10 பாடங்களைக் கடைசி வருஷம் தொடங்கும் முன்பே முடித்திருக்க வேண்டும். இந்தக் கணக்கு ஒன்பதாம் வகுப்பிலிருந்தே ஓடுகிறது. கடைசி வருஷத்தில் விழித்துக்கொண்டால் ஈடுகட்ட முடியாது.

அடுத்தது வீடியோ. ஹட்ல் என்ற விளையாட்டு வீடியோ தளத்தில் மூன்று, நான்கு நிமிஷத்துக்கு ஹைலைட் போடுங்கள், பாட்டு, கிராஃபிக்ஸ் எதுவும் தேவையில்லை. கோச் முதல் சில எறிதல்களிலேயே முடிவு செய்துவிடுவார், ஆகவே உங்கள் ஆகச் சிறந்த எறிதல் முதலில் வரட்டும். அது அறுபது கெஜம் பறந்த பந்தாகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. லைன்மேன்கள் காத்து நிற்கும் பாக்கெட்டில் நின்று, முதல் ரிசீவரை அடைத்துவிட்டதைப் பார்த்து, கண்ணை அடுத்தவரிடம் திருப்பி, ஒருவன் மேலே வந்து விழும் நேரத்தில் சரியாக எறிந்த ஒரு பதினைந்து கெஜப் பந்து பல மடங்கு பேசும். கூடவே முழு ஆட்டம் ஒன்றின் வீடியோவும் வையுங்கள். தவறு செய்த பிறகு அடுத்த முறை எப்படி நிற்கிறீர்கள் என்று பார்க்க விரும்புவார்கள்.

அப்புறம் எழுதுங்கள். குவார்ட்டர்பேக் கோச்சுக்கும் உங்கள் பகுதியைக் கவனிக்கும் கோச்சுக்கும் நீங்களே, அப்பா அம்மா இல்லை, நான்கே வரியில் மின்னஞ்சல் அனுப்புங்கள்: பெயர், பள்ளி, முடிக்கும் வருஷம், உயரம், எடை, ஜிபிஏ, வீடியோ லிங்க், உங்கள் கோச்சின் எண். சீக்கிரமே எழுதினால் பதில் வராமல் போகலாம், குறிப்பிட்ட தேதிக்கு முன் கோச்கள் தனிப்பட்ட முறையில் பதில் எழுத, காலேஜ் விளையாட்டை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் விதி இடம் கொடுக்காது. மனம் தளராமல் சீசன் நடுவில் புது வீடியோவோடு மறுபடி எழுதுங்கள்.

என்எஃப்எல் என்ற தொழில்முறை லீக்கின் குவார்ட்டர்பேக் ஜாஷ் ஆலனைப் பாருங்கள். கலிஃபோர்னியாவின் ஃபயர்பா என்ற சின்ன ஊர்க்காரர், ஹைஸ்கூல் முடித்தபோது ஒரு எஃப்பிஎஸ் ஆஃபர்கூட இல்லை. ரீட்லி என்ற ஜூனியர் காலேஜில் ஆடி, நாடு முழுக்கக் கோச்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்து, என்எஃப்எல் அணிகள் புது ஆட்களை எடுக்கும் 2018 டிராஃப்ட்டில் ஏழாவதாகத் தேர்வானார்.

காலேஜ் நடத்தும் பயிற்சிக் கேம்ப்புக்கு அழைப்பு வந்தால் சந்தோஷப்படுங்கள், ஆனால் அது ஆஃபர் இல்லை. அதே கடிதம் நிறைய பேருக்குப் போயிருக்கும். நோட்டில் இடம் காலி என்று எழுதிய காலேஜ்களின் கோடைக் கேம்ப்களுக்குப் போங்கள், அங்கே அந்தக் கோச்சே பக்கத்தில் நின்று நீங்கள் எறிவதைப் பார்ப்பார். வாய்வார்த்தையாக ஆஃபர் வந்தாலும் இரண்டு கேள்வி கேட்டுவிடுங்கள்: நான் இன்றே சம்மதம் சொன்னால் ஏற்றுக்கொள்வீர்களா, என் வருஷத்தில் இன்னும் எத்தனை குவார்ட்டர்பேக்குகளிடம் பேசிக்கொண்டிருக்கிறீர்கள்?