எர்த்தூருல்: இந்தப் பெயரில் அடிக்கடி நேரும் பிழைகள்

துருக்கி வரலாற்றுத் தொடர்கள் வந்த பிறகு 'எர்துக்ருல்' நம் வீடுகளிலும் புழங்கும் பெயராகிவிட்டது. ஆனால் துருக்கியில் இன்று யாரும் அப்படிச் சொல்வதில்லை. பெயரின் நடுவே, தலையில் பிறைபோல் வளைகோடு போட்ட ஓர் எழுத்து உண்டு. அதை 'யுமுஷாக் கே' என்பார்கள். அதற்கெனத் தனி ஒலி கிடையாது. முன்னால் உள்ள உயிரை நீட்டிவிடும், அவ்வளவுதான். அதனால் 'துக்' என்பது 'தூ' ஆகிறது. துருக்கியில் 1928-க்கு முன் இதை அரபு எழுத்தில், 'க்' போலத் தொண்டையில் ஒலிக்கும் 'கைன்' என்ற எழுத்தைப் போட்டு எழுதினார்கள். உருது வழியாகப் படிப்பவர்கள் 'க்' சேர்ப்பது அதனால்தான்.

தமிழில் எழுதும்போது 'ட' போட வேண்டாம். 'எர்தூருல்' என்று ஒற்றைத் தகரம் போட்டால் நாம் மெலிதாகப் படித்துவிடுவோம். 'எர்த்தூருல்' என்று தகரத்தை இரட்டித்தால் ஒலி நெருங்கி வரும்.

பொருள் தேடும்போது பெரிய பிழை, அரபு அகராதியைப் புரட்டுவது. இது அசல் துருக்கியப் பெயர்: எர் + தூருல். அகராதியில் 'எர்' என்பதற்குச் 'சீக்கிரம்' என்றும் ஒரு பொருள் இருக்கும். அது வேறு சொல். இங்கே 'எர்' என்றால் ஆண்மகன், வீரன். 'தூருல்' ஒரு வேட்டைப் பறவை. 11-ஆம் நூற்றாண்டில் துருக்கிச் சொற்களைத் தொகுத்த மஹ்மூத் அல்-காஷ்கரி, ஆயிரம் வாத்துகளைக் கொன்று ஒன்றை மட்டும் தின்னும் பறவை என்று இதற்குப் பொருள் தருகிறார். ஆண்களுக்கு வைக்கும் பெயர் என்றும் குறிக்கிறார். 'கழுகு' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டால் இந்த அழகு முழுக்கப் போய்விடும். நாளிதழ்களில் 'எர்டோகன்' என்று வரும் பெயரும் இதே வார்ப்புதான்: எர் + தோவான். தோவான் என்றால் வல்லூறு. அங்கேயும் அந்த 'க' ஒலிக்காது.

ஆளை மாற்றிக் குழப்புவதும் உண்டு. 1055-இல் பாக்தாதுக்குள் நுழைந்த துக்ரில் பேக் (துக்ரில் என்பதும் இதே 'தூருல்'தான்) செல்ஜூக் என்ற துருக்கிய அரச மரபின் சுல்தான்; 1063-இல் இறந்தார். உஸ்மானியப் பேரரசை நிறுவிய உஸ்மானின் தந்தை எர்த்தூருல் வாழ்ந்ததோ 13-ஆம் நூற்றாண்டில். அவர் அடக்கத்தலம் துருக்கியின் ஸோயூத் ஊரில் இருக்கிறது. பறவை ஒன்றுதான், மனிதர்கள் இருவர்.

குழந்தைக்கு வைப்பவர்கள் 'காஸி'யையும் சேர்த்துப் பதிவு செய்துவிடுகிறார்கள். அது போரிட்டவருக்குத் தரும் பட்டம், பெயரின் பகுதி அல்ல. 'எர்த்தூருல்' மட்டும் போதும்.