ஓடாத சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை அலசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கோடிகளைக் கொட்டி எடுத்தும் ஓடாமல் போன ஹாலிவுட் சயின்ஸ் ஃபிக்‌ஷன், ஃபேன்டஸி படங்களை அலசுகிற இளைஞர்கள் இப்போது நிறைய. சிலர் கட்டுரை எழுதுகிறார்கள். சிலர் தங்கள் கதையைத் தயாரிப்பாளரிடம் கொண்டுபோகும் முன் பாடம் படிக்கிறார்கள். நல்ல விஷயம். ஆனால் எங்கள் தலைமுறை செய்த அதே தவறுகளை இவர்களும் வரிசையாகச் செய்கிறார்கள். வெளியான ஆண்டை மாற்றிப் போடுவது போன்றவற்றை விட்டுவிடுகிறேன், ஒருமுறை சரிபார்த்தால் அவை போய்விடும்.

வசூலில் பட்ஜெட்டைக் கழித்து லாபம் சொல்வது

இன்றுவரை எனக்கு எரிச்சல் மூட்டும் தவறு இதுதான்.

டிஸ்னியின் 'ஜான் கார்ட்டர்' 2012 மார்ச்சில் வந்தது. தயாரிப்புச் செலவு சுமார் 25 கோடி டாலர், உலக வசூல் சுமார் 28 கோடி. "மூணு கோடி லாபம்தானே, ஏன் ஃப்ளாப் என்கிறார்கள்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். டிஸ்னியோ படம் வந்து பத்து நாளிலேயே, ஏறக்குறைய 20 கோடி டாலர் நஷ்டம் வரும் என்று தானே அறிவித்தது. அடுத்த மாதம் ஸ்டுடியோவின் தலைவர் ரிச் ராஸ் பதவி விலகினார்.

வசூல் என்பது டிக்கெட் கவுண்டரில் விழுந்த மொத்தப் பணம். தியேட்டர்காரர் பங்கு அதில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் ஸ்டுடியோவுக்குத் தோராயமாகப் பாதி வரும், வெளிநாடுகளில் பெரும்பாலும் அதைவிடக் குறைவு. சீனாவில் 2012 ஒப்பந்தம் பங்கை உயர்த்திய பிறகும் 25 சதவீதம்தான். 'ஜான் கார்ட்டர்' அமெரிக்காவில் வசூலித்தது வெறும் 7.3 கோடி. மீதி எல்லாம் பங்கு குறைவாகக் கிடைக்கும் வெளிநாட்டு வசூல். தாராளமாகப் பாதி என்றே வைத்தாலும் கைக்கு வந்தது 14 கோடி. பட்ஜெட்டில் சேராத விளம்பரச் செலவு 10 கோடி அளவில் இருந்ததாக அப்போதே செய்தி வந்தது. போட்டது 35, வந்தது 14. டிவிடி, டிவி உரிமைப் பணம் கொஞ்சம் ஈடுகட்டும். டிஸ்னி சொன்ன நஷ்டத்துக்குப் பக்கத்தில்தான் வந்து நிற்கிறோம்.

நம் ஊர் விநியோகஸ்தரிடம் வசூல் கணக்கைச் சொன்னால், "அது கிராஸ் (மொத்த வசூல்), ஷேர் (நம் கைக்கு வரும் பங்கு) எவ்வளவு?" என்றுதான் கேட்பார். தமிழ்ப் படத்துக்கு இதைச் சரியாக எழுதுகிறவர்கள்கூட ஹாலிவுட் என்றதும் மறந்துவிடுகிறார்கள்.

இதில் இழப்பும் உண்டு. எனக்குத் தெரிந்த ஓர் உதவி இயக்குநர் அருமையான விண்வெளிக் கதை வைத்திருந்தார். தயாரிப்பாளருக்குக் கொடுத்த ஃபைலில் ஹாலிவுட் படங்களின் பட்டியல் ஒன்று, எதிரே வசூலிலிருந்து பட்ஜெட்டைக் கழித்து 'லாபம்'. அந்தப் பக்கத்தோடு தயாரிப்பாளர் ஃபைலை மூடிவிட்டார். கதையைக் கேட்கவே இல்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை. அந்தப் பட்டியலே இல்லாமல் போயிருந்தால் கதையாவது காதில் விழுந்திருக்கும்.

வசூல் யாருடையது என்பதையும் பார்க்க வேண்டும். 2007-இல் வந்த 'த கோல்டன் காம்பஸ்' பட்ஜெட் 18 கோடி டாலர், உலக வசூல் 37 கோடிக்கு மேல். காகிதத்தில் ஹிட். ஆனால் பட்ஜெட்டைத் திரட்டுவதற்காக, படத்தைத் தயாரித்த நியூ லைன் நிறுவனம் வெளிநாட்டு உரிமைகளை முன்பே விற்றுவிட்டது. வசூலில் பெரும்பகுதி வந்ததோ வெளிநாட்டில், அது உரிமையை வாங்கியவர்களுக்குத்தான் போனது. அமெரிக்காவில் சுமார் 7 கோடிதான். 2008 தொடக்கத்திலேயே நியூ லைனை வார்னர் பிரதர்ஸோடு இணைக்கும் அறிவிப்பு வந்துவிட்டது. இந்தப் படம் மட்டும் அதற்குக் காரணம் இல்லை, ஆனாலும் அதன் பங்கு பெரிது.

தோல்விக்கு ஒரே காரணம் சொல்வது

'ஜான் கார்ட்டர் ஆஃப் மார்ஸ்' என்றிருந்த தலைப்பிலிருந்து செவ்வாயை (மார்ஸ்) வெட்டியதால்தான் 'ஜான் கார்ட்டர்' ஓடவில்லை என்று இன்றும் எழுதுகிறார்கள். தலைப்பு கெடுத்தது உண்மைதான். ஆனால் அனிமேஷனில் பெயர் வாங்கிய இயக்குநர் ஆண்ட்ரூ ஸ்டான்டனுக்கு நடிகர்களை வைத்து எடுத்த முதல் படம் அது. மூலக் கதை 1912-இல் தொடராக வந்தது, அதன் சங்கதிகளைப் பிறகு வந்த விண்வெளிப் படங்கள் ஏற்கெனவே எடுத்துப் பயன்படுத்திவிட்டன. இது என்ன மாதிரிப் படம் என்று விளம்பரங்களும் சொல்லவில்லை. இத்தனையும் சேர்ந்துதான் கவிழ்த்தது.

ஓடவில்லை, அதனால் படம் மோசம்

'பிளேடு ரன்னர்', 'த திங்' இரண்டும் 1982 ஜூன் 25 அன்று ஒன்றாக வந்தன. இரண்டு வாரம் முன்னால் வந்த ஈ.டி. ஊரையே கட்டிப்போட்டிருந்தது. அன்பான வேற்றுக்கிரகவாசியைப் பார்த்து அழுத கூட்டத்துக்கு இந்த இருட்டு பிடிக்கவில்லை. இன்று இரண்டையும் உச்சியில் வைக்கிறோம்.

பழைய டாலரையும் புதிய டாலரையும் ஒரே பட்டியலில் போடுவது

வேண்டாம். விலைவாசி ஏறியதால் 1984-இன் 4 கோடியும் 2012-இன் 4 கோடியும் மதிப்பில் வேறு.

முதல் மாதச் செய்தியோடு நின்றுவிடுவது

1995-இல் 'வாட்டர்வேர்ல்டு' வருவதற்கு முன்பே பத்திரிகைகள் அதைக் கேலி செய்து தீர்த்தன. பட்ஜெட் 17.5 கோடி டாலர், உலக வசூல் சுமார் 26 கோடி. மேலே போட்ட அதே கணக்குப்படி தியேட்டரில் நஷ்டம்தான். ஆனால் அப்புறம் வீடியோவும் டிவி உரிமையும் போட்ட பணத்தைத் திருப்பித் தந்தன. படத்தை வைத்து யுனிவர்சல் நடத்திய ஸ்டண்ட் ஷோ அதே ஆண்டு ஹாலிவுட் பூங்காவில் தொடங்கி, ஜப்பானுக்கும் பிறகு சிங்கப்பூருக்கும் போனது. இந்தப் படத்தை ஃப்ளாப் பட்டியலில் சேர்ப்பதானால், 'தியேட்டரில்' என்ற சொல்லையும் சேர்த்தே எழுதுங்கள்.