வேப்பங்கிளையில மரக்கரண்டி செதுக்கலாம் வாங்க

மரம் செதுக்கணும்னு ஆசைப்படுற நிறைய பேர் காஞ்ச தேக்குத் துண்டு ஒண்ண வாங்கிட்டு வந்து, கத்தி இறங்கலையேன்னு ரெண்டு நாள்ல விட்டுடுறாங்க. தேக்குல சிலிக்கா இருக்கு, கத்திய சீக்கிரம் மழுக்கிடும். புதுசா கத்துக்கிறவங்களுக்கு பச்சை மரம்தான் சரி. கரண்டு கம்பில இடிக்குதுன்னு தெருவுல வேப்பங்கிளை வெட்டிப் போடுவாங்கல்ல, அதைக் கேட்டு எடுத்துட்டு வாங்க.

மணிக்கட்டை விட தடியா, கணு இல்லாம நேரா இருக்கிற ஒரு அடித் துண்டு போதும். அன்னைக்கே செதுக்க முடியலன்னா பிளாஸ்டிக் கவர்ல கட்டி வைங்க, வெயில்ல கெடந்தா முனை வெடிச்சிடும். அரளி, எட்டி, தில்லை பக்கமே போகாதீங்க, தில்லைப் பால் கண்ணுல பட்டா பார்வைக்கே ஆபத்து.

இப்ப அருவாளை முனையில வச்சு கொட்டாப்புளியால தட்டி ரெண்டா பிளங்க. ரம்பம் வேணாம், பிளந்தாத்தான் மரம் அதோட நார் போற போக்குலயே பிரியும், காம்பும் பின்னாடி ஒடியாது. கிளையோட நட்ட நடுவுல மெத்துனு ஒரு புள்ளி இருக்கும், விரிசல் அங்கிருந்துதான் கிளம்பும், அந்த பாகத்தை சீவி எடுத்துட்டு பென்சில்ல கரண்டி வரைஞ்சுக்கங்க.

அடுத்து கத்தி வேலை. மரம் பிடிக்கிற கையில வெட்டுப்படாத கிளவுஸ் போட்டுக்கங்க, மடியில வச்சு செதுக்காதீங்க, தொடையில பெரிய ரத்தக்குழாய் ஓடுது. காம்பும் குழியும் சேர்ற கழுத்து வளைவுலதான் எல்லாரும் திணறுவாங்க. அங்க எப்பவும் மேட்டுல இருந்து பள்ளத்துக்கு சீவணும், அதாவது காம்புப் பக்கமிருந்து கொஞ்சம், குழிப் பக்கமிருந்து கொஞ்சம், ரெண்டும் பள்ளத்தோட அடியில வந்து சேரணும். சீவல் சுருள் சுருளா வந்து வெட்டுன இடம் பளபளன்னு இருந்தா திசை சரி, கத்திய மரம் உள்ள இழுத்து நார் பிய்ஞ்சுக்கிட்டு வந்தா உடனே நிறுத்தி எதிர்ப்பக்கமிருந்து சீவுங்க, பலத்தைப் போட்டா கரண்டியே பிளந்துடும். இது ஒண்ணு கைக்கு வந்துட்டா பாதி வித்தை வந்த மாதிரி.

குழிய வளைஞ்ச உளியால நாருக்குக் குறுக்கா தோண்டுங்க. அடியில அஞ்சாறு மில்லிமீட்டர் மிச்சம் இருக்கட்டும். அப்புறம் நியூஸ் பேப்பர்ல சுத்தி நிழல்ல ஒரு வாரம் பத்து நாள் வைங்க, ஃபேனுக்கு நேரா வச்சா சட்டுனு காஞ்சு வெடிச்சிடும்.

காஞ்சதும் 120, 220, 400 நம்பர் உப்புத்தாள் வரிசையா போட்டு, தண்ணில நனைச்சு காய வச்சு எழும்புற நாரை திரும்ப தேய்ங்க. பூசறதுக்கு சமையலுக்கு விக்கிற ஆளிவிதை எண்ணெய் நல்லது, அது மரத்துலயே இறுகிடும், தேங்காயெண்ணெய் இறுகாது. பெயிண்ட் கடையில விக்கிற ஆளிவிதை எண்ணெய்ல சீக்கிரம் காயறதுக்கு உலோக உப்பு கலந்திருக்கும், சாப்பாட்டுக் கரண்டிக்கு ஆகாது. எண்ணெய் துடைச்ச துணிய கசக்கிப் போடாதீங்க, தானா தீப்பிடிக்கும், விரிச்சுக் காயப் போடுங்க.

பழைய கதவு, நிலைப்பலகைல செய்யலாமான்னு கேப்பீங்க. பெயிண்ட்ல ஈயம் 90 பிபிஎம், அதாவது பத்து லட்சம் பங்குல 90 பங்கு தாண்டக்கூடாதுங்கிற ரூல் நம்ம நாட்டுல 2017ல தான் அமலுக்கு வந்துச்சு, அதனால பழைய பெயிண்ட் உள்ள பலகைய தேய்க்கவே தேய்க்காதீங்க. பெயிண்ட் படாத பலகைன்னா காந்தம் வச்சு ஆணி இருக்கான்னு பாத்துட்டு உளியால பூ வேலை செய்யுங்க. பேக்கிங் பலகைல HTன்னு முத்திரை இருந்தா சூடு காட்டுனது, எடுக்கலாம், MBன்னு இருந்தா பூச்சிமருந்துப் புகை போட்டது, அப்படியே வச்சுட்டு வந்துடுங்க.