சென்னையில் தீம் டேட்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடந்த 12 ஆண்டுகளாக என் மனைவியும் நானும் மாதத்தில் ஒரு நாளை ஏதேனும் ஒரு கருப்பொருளுக்கென்று ஒதுக்கி வருகிறோம். ஒரு மாதம் பழைய மதராஸ், இன்னொரு மாதம் மின்சார ரயில், மார்கழியில் கச்சேரியும் சபா கேண்டீனும், மே மாதத்தில் வீட்டிலேயே மாம்பழம் என்று அது மாறிக்கொண்டே இருக்கும். இதைக் கேள்விப்பட்டு உறவினர் வீட்டுப் பிள்ளைகளும், அலுவலகத்தில் புதிதாக நிச்சயமானவர்களும் யோசனை கேட்டு வரத் தொடங்கினார்கள். அவர்கள் இதைத் தீம் டேட் என்கிறார்கள். நான் ஒரு தாளில் திட்டம் எழுதிக் கொடுப்பேன். சிலர் தாங்களே எழுதிக்கொண்டு வந்து சரிபார்க்கச் சொல்வார்கள்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒரு தம்பி அப்படித்தான் தன் திட்டத்தைக் காட்டினார். 2013இல் நான் செய்த பிழை ஏறக்குறைய அதே வரிசையில் அவருடைய கைபேசித் திரையில் இருந்தது. அவரிடம் சொன்னதை மற்றவர்களுக்கும் சொல்லிவிடலாம் என்றுதான் இதை எழுதுகிறேன். சொன்ன நேரத்துக்கு வருவது, கையில் பணம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது போன்றவை எல்லோருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

கடலில் மறையும் சூரியன்

என்னிடம் வரும் திட்டங்களில் மிக அதிகமாக இருப்பது கடற்கரையில் அஸ்தமனம். சென்னையின் கடல் கிழக்கே இருக்கிறது. மெரினாவானாலும் பெசன்ட் நகரானாலும் கோவளமானாலும் சூரியன் நம் முதுகுக்குப் பின்னால், கட்டடங்களுக்கு அப்பால்தான் மறையும். கோவாவிலும் கோழிக்கோட்டிலும் எடுத்த படங்களைப் பார்த்துவிட்டு, மாலை ஆறு மணிக்கு அலைகளைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் ஜோடிகளிடம் நான் இரண்டு மாற்றுகளைச் சொல்வது வழக்கம். ஒன்று விடியற்காலை, மற்றது நிலவு.

பௌர்ணமியன்று சூரியன் மறைகிற வேளையை ஒட்டியே முழு நிலவு கடலிலிருந்து எழும். ஆனால் அப்போது வானத்தில் வெளிச்சம் மிச்சமிருப்பதால் நிலவு வெளிறித் தெரியும். மறுநாள் அது சராசரியாக 50 நிமிடம் தாமதமாக வரும் என்பதால், வானம் நன்றாக இருண்ட பிறகு தாமிர நிறத்தில் எழுவதைப் பார்க்கலாம். நான் எப்போதும் மறுநாளையே பரிந்துரைக்கிறேன். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையின் மேகங்கள் அடிவானத்தை மறைக்கும். தை முதல் பங்குனி வரை உகந்த காலம்.

விடுமுறை நாள்

எழும்பூர் அருங்காட்சியகத்துக்கு வெள்ளி, தென்னிந்தியப் பழைய வீடுகளைக் காட்சிக்கு வைத்திருக்கும் தட்சிணசித்ராவுக்குச் செவ்வாய், மெரினா கலங்கரை விளக்கத்துக்குத் திங்கள்.

முழு ரகசியம்

இதுதான் நான் விரிவாக எழுத விரும்புவது. பணமும் மனமும் ஒருசேர வீணாவதைப் பல ஜோடிகளிடம் பார்த்துவிட்டேன். இன்னமும் பார்க்கும்போது கோபம் வருகிறது. ஒரு நாளுக்குக் கருப்பொருள் இருந்தால் அது வாசல் வரை ரகசியமாகவும் இருந்தாக வேண்டும் என்று புதிதாகத் தொடங்குபவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். எங்கே போகிறோம், எவ்வளவு நடக்க வேண்டும், எங்கே சாப்பிடுகிறோம், எப்போது திரும்புகிறோம் என்று எதையும் சொல்லாமல், "கிளம்பி வா, மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்பதைப் பெரிய அன்பாகக் கருதுகிறார்கள்.

நானும் அப்படித்தான் கருதினேன். 2013இல் எங்கள் முதல் திருமண நாள் ஒரு வெள்ளிக்கிழமையில் வந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் சென்னை எழுந்த மணல்திட்டு கிடைத்த 1639ஆம் ஆண்டைக் கருப்பொருளாக வைத்து மூன்று வாரம் தயார் செய்தேன். முதலில் புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் புனித மேரி தேவாலயம். 1680இல் கட்டி முடிக்கப்பட்ட அந்தத் தேவாலயத்தில்தான் மதராஸ் ஆளுநராக இருந்த எலிஹு யேலுக்கும், பின்னர் 1753இல் ராபர்ட் கிளைவுக்கும் திருமணம் நடந்தது என்பதால் திருமண நாளுக்குப் பொருத்தமாக இருக்கும் என்று எண்ணினேன். அங்கிருந்து அரண்மனைக்காரன் தெருவில் இருக்கும் ஆர்மீனியத் தேவாலயம், பிறகு நடந்தே தங்கசாலைத் தெரு, கடைசியாக எழும்பூரில் செப்புத் திருமேனிகள். மனைவியிடம் நான் சொன்னது ஒரே ஒரு வரிதான்: "நன்றாக உடுத்திக்கொள், ஒன்பது மணிக்குக் கிளம்ப வேண்டும்."

திருமண நாள், அதுவும் வெள்ளிக்கிழமை, நன்றாக உடுத்தச் சொல்கிறார் என்றால் முதலில் கபாலீசுவரர் கோவிலுக்குத்தான் போகிறோம் என்று அவர் முடிவு செய்துகொண்டார். பட்டுப்புடவை கட்டி, புதிதாக வாங்கிய உயரக் குதிகால் செருப்பை அணிந்து, சாமி கும்பிட்ட பிறகு சாப்பிடலாம் என்று வெறும் வயிற்றோடு வந்தார். பதினொரு மணிக்குள் அவருடைய குதிகாலில் தோல் உரிந்துவிட்டது. தங்கசாலைத் தெருவின் நெரிசலில் கைவண்டிகளுக்கு ஒதுங்கி ஒதுங்கிப் புடவைக் கரையெல்லாம் கறுத்துவிட்டது. இன்னும் சாப்பிடவில்லை என்பதை அவர் சொன்னபோது மணி பன்னிரண்டு. எழும்பூருக்குப் போய்ச் சேர்ந்தால் அருங்காட்சியகத்தின் கதவு மூடியிருந்தது.

இவற்றையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். அவரை உண்மையில் வருத்தியது வேறொன்று. அவருக்குப் பழைய கட்டடங்களைப் பென்சிலால் வரைவதில் விருப்பம் உண்டு. ஆர்மீனியத் தேவாலயத்தின் மணிக்கூண்டுக்குக் கீழே நின்றுகொண்டு, வரைபுத்தகம் வீட்டு அலமாரியில் இருக்கிறதே என்று இரண்டு முறை சொன்னார். அன்றிரவு அவர் சொன்னதை நான் அப்படியே எழுதுகிறேன்: "மூணு வாரமா இந்த நாளை நீங்க மட்டும் அனுபவிச்சிருக்கீங்க. எனக்கு இன்னைக்குக் காலையிலதான் ஆரம்பிச்சுது."

இரண்டு ஆண்டுகள் கழித்து அதே பாதையில் மறுபடி போனோம். இம்முறை எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவிட்டேன். ஆர்மீனியத் தேவாலயத்தில் ஆறு மணிகள் இருக்கின்றன என்பதையும், உலகிலேயே முதல் ஆர்மீனிய மொழி இதழ் 1794இல் இந்த ஊரிலிருந்துதான் வெளியானது என்பதையும் அவர் படித்துவிட்டு வந்து எனக்குச் சொன்னார். தட்டைச் செருப்பும் பருத்திச் சேலையுமாக நாற்பது நிமிடம் நிழலில் உட்கார்ந்து மணிக்கூண்டை வரைந்தார். அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. திட்டத்தில் பாதி அவருடையதாகிவிட்டதால்தான் அந்த நாள் எங்கள் இருவருக்கும் உரியதாயிற்று.

இது என் வீட்டோடு முடிந்துபோன பிழை என்றால் நான் இவ்வளவு எழுதமாட்டேன். சில ஆண்டுகளுக்கு முன் ஓர் இளைஞர் நிச்சயமான பெண்ணைப் பங்குனி ஆமை எனப்படும் கடலாமைகளைப் பார்க்கும் இரவு நடைக்கு அழைத்துப்போக விரும்பினார். கருப்பொருள் அருமையானது. ஜனவரி முதல் மார்ச் வரை ஆமைகள் முட்டையிட இந்தக் கரைக்கு வருகின்றன. 1988 முதல் மாணவத் தன்னார்வலர்கள் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ஏறக்குறைய 7 கிலோமீட்டர் மணலில் நடந்து முட்டைகளைச் சேகரித்துக் காக்கிறார்கள், பொதுமக்களையும் உடன் அழைத்துச் செல்கிறார்கள். நள்ளிரவை ஒட்டித் தொடங்கும் அந்த நடை முடிய விடியற்காலை ஆகிவிடும்.

அவர் அந்தப் பெண்ணிடம் இதில் எதையும் சொல்லவில்லை. இரவு பத்து மணிக்கு ஓரிடத்துக்குப் போகிறோம் என்று மட்டும் சொன்னார். சென்னையில் ஒரு பெண் இரவு பத்து மணிக்கு வெளியே கிளம்பினால் அவருடைய அம்மா கேட்கும் கேள்விகள் மூன்று: எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், எப்போது வருவாய். இரண்டாவது கேள்விக்கு மட்டும் விடை தெரிந்த ஒரு பெண்ணை அந்த வாசலில் நிறுத்துவது, ஒன்று அவரைப் பொய் சொல்ல வைக்கும், இல்லையென்றால் வீட்டாரோடு சண்டை போட வைக்கும். அந்தப் பெண் சண்டை போட்டுவிட்டுத்தான் வந்தார். ஓட்டலில் இரவுச் சாப்பாடு என்று எண்ணி வந்ததால் மெல்லிய பட்டையுள்ள செருப்பு அணிந்திருந்தார். மணலில் இரண்டு கிலோமீட்டர் தாண்டுவதற்குள் பட்டை அறுந்து, காலும் வலிக்க, அவரால் தொடர முடியவில்லை. குழு முன்னே போய்விட்டது. நள்ளிரவு ஒரு மணிக்கு இருவரும் ஆட்டோ தேடி அலைந்தார்கள். பெண்ணின் அப்பா அந்த இளைஞரோடு மூன்று வாரம் பேசவில்லை. அவர் நல்ல பிள்ளை, முழுக்க அன்பினால் செய்தவர். ஒரே ஒரு தொலைபேசி அழைப்பில் தவிர்த்திருக்கக்கூடிய துன்பம் என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு ஆற்றாமை பொங்குகிறது.

பண இழப்பும் இப்படித்தான் நேர்கிறது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் மெழுகுவத்தி விருந்துக்கு 9,000 ரூபாய் முன்பணம் கட்டியிருந்தார் ஒருவர். அவர் தேர்ந்தெடுத்த நாள் அவருடைய மனைவி தன் அம்மாவை மருத்துவமனைக்கு அழைத்துப்போக வேண்டிய நாள். முன்பணம் திரும்பவில்லை.

ஆகவே நாள், கிளம்பும் நேரம், திரும்பும் நேரம், நடக்க வேண்டிய தூரம், எந்தக் காலணி, எங்கே சாப்பாடு ஆகிய ஆறையும் நான் எப்போதும் முன்பே சொல்லச் சொல்கிறேன். ஏதாவது ஒன்றை மறைத்தே தீர வேண்டும் என்ற ஆசை இருந்தால், ஒரு கேள்வியைக் கேட்டுப் பாருங்கள்: இது முன்பே தெரிந்திருந்தால் அவர் எதையாவது எடுத்து வந்திருப்பாரா, எதையாவது மாற்றிக்கொண்டிருப்பாரா? ஆம் என்றால் அதை மறைக்கக் கூடாது. எந்தச் சபா, யார் பாடுகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுங்கள். இடைவேளையில் கொடுப்பதற்காகச் சட்டைப் பையில் வைத்திருக்கும் கடிதத்தைப் பற்றிச் சொல்ல வேண்டாம்.

ஒரே நாளில் ஊர் முழுவதும்

காலையில் சௌகார்பேட்டை கச்சோரி, நண்பகலில் சோழமண்டலம் ஓவியர் கிராமம், மாலையில் மாமல்லபுரம் என்று எழுதிக்கொண்டு வருபவர்கள் நாளின் பாதியை வண்டிக்குள்தான் கழிப்பார்கள். ஊரின் ஒரு திசையைத் தேர்ந்துகொள்ளுங்கள். வடக்கு என்றால் கோட்டை, அரண்மனைக்காரன் தெரு, தங்கசாலைத் தெரு, பொழுது சாயும் நேரத்தில் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே பர்மா அத்தோ நூடுல்ஸ். தெற்கு என்றால் ஓவியர்கள் தாங்களே 1966இல் உருவாக்கிக்கொண்ட ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலமும், முட்டுக்காட்டில் 1996 முதல் இயங்கும் தட்சிணசித்ராவும் ஒரே சாலையில் இருக்கின்றன. அந்த இரண்டோடு நிறுத்திக்கொண்டால்தான் எதையும் நின்று பார்க்க முடியும். பயணமே கருப்பொருளாக இருந்தால் மட்டும் இது பொருந்தாது. கடற்கரையிலிருந்து வேளச்சேரி வரை பறக்கும் ரயிலில் சன்னலோரம் எதிரெதிரே உட்கார்ந்து போய், பிடித்த நிலையத்தில் இறங்கித் தேநீர் குடித்துவிட்டு அடுத்த வண்டியில் ஏறுவது ஒரு முழு மாலைக்குப் போதும்.

கத்திரி வெயில்

மே மாதத்தில் பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை வெளியே எதுவும் வேண்டாம்.

அலங்காரத்தோடு நின்றுவிடுவது

பலூன், ஒரே நிறத்தில் இருவருக்கும் உடை, மேசை மேல் ரோஜா இதழ் என்று வாங்கி முடித்ததும் கருப்பொருள் தயாராகிவிட்டது என்று நினைக்கிறார்கள். உட்கார்ந்த பத்தாவது நிமிடத்தில் அடுத்து என்ன செய்வதென்று இருவருக்கும் தெரிவதில்லை. கருப்பொருள் இருவரின் கைக்கும் வேலை கொடுக்க வேண்டும். மே மாதத்தில் எங்கள் வீட்டில் இமாம்பசந்த், மல்கோவா, பங்கனப்பள்ளி, ருமானி நான்கையும் நறுக்கி வைத்து, கண்ணைக் கட்டிக்கொண்டு எது எதென்று சொல்லி மதிப்பெண் எழுதுவோம். மனைவி ருமானியை மணத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். ஜனவரியில் புத்தகக் காட்சிக்குப் போனால் ஆளுக்கு 500 ரூபாயும் ஒரு மணி நேரமும் வைத்துக்கொண்டு தனித்தனியே பிரிந்து, மற்றவருக்காக ஒரு புத்தகம் வாங்கி வாசலில் சந்திக்கிறோம். டிசம்பரில் பல சபாக்களில் பிற்பகல் கச்சேரிக்கு நுழைவுச்சீட்டு கிடையாது. ராகம் தெரியாதவர்கள்கூட ஒவ்வொரு பாட்டும் தங்களுக்கு எதை நினைவூட்டியது என்று தனித்தனித் தாளில் எழுதிவைத்து, பிறகு கேண்டீனில் இலை போட்டதும் மாற்றிப் படிக்கலாம்.

புகைப்படம்

முதல் பத்து நிமிடத்தில் எடுத்து முடித்துவிடுங்கள்.

செய்ததையே மறுபடி செய்யத் தயங்குவது

ஒருமுறை பயன்படுத்திய கருப்பொருள் தீர்ந்துவிட்டது என்று எண்ணி, ஒவ்வொரு முறையும் புதிதாக எதையாவது தேடிக் களைத்துப்போகிறவர்கள் பலர். நாங்கள் பெசன்ட் நகரில் நிலவு எழுவதை இதுவரை ஒன்பது முறை பார்த்திருக்கிறோம். எப்போதும் ஒரே இடம்தான்: 1930இல் கடலில் மூழ்கியவர்களைக் காப்பாற்றப் போய் உயிரிழந்த கார்ல் ஷ்மிட் என்று அறியப்படும் டென்மார்க் நாட்டவரின் நினைவுச் சின்னத்துக்குச் சற்றுத் தள்ளி. ஒருமுறை மனைவி வரைந்தார். ஒருமுறை எங்கள் நிச்சயதார்த்த காலத்துக் குறுஞ்செய்திகளை உரக்கப் படித்தோம். ஒருமுறை மேகம் மூடிவிட, எதுவும் தெரியாமலே சுண்டலைச் சாப்பிட்டுவிட்டு வந்தோம்.

பத்தாவது முறைக்கான திட்டம் இம்முறை மனைவியுடையது. பௌர்ணமிக்கு மறுநாள், மாலை ஆறு மணிக்குக் கிளம்ப வேண்டும், திரும்ப ஒன்பது ஆகும், இரவுச் சாப்பாட்டை அவர் கட்டி எடுத்து வருகிறார், மணலில் நடக்க வேண்டியிருப்பதால் ஷூ வேண்டாம், பாய் என் பொறுப்பு என்பது வரை எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். நீலத் துணிப்பைக்குள் என்ன வைத்திருக்கிறார் என்பதை மட்டும் சொல்லவில்லை.