ஏலத்தில் ஜெயித்த பொருளைத் தர மறுக்கிறாரா? ஜெர்மனியில் வாங்குபவர்கள் செய்யும் தவறுகள்

இங்கே ஜெர்மனியில் ஓர் இணைய ஏலத்தில் பழைய தையல் மிஷின் ஒன்று எனக்கு 31 யூரோவுக்கு விழுந்தது. ஏலம் முடிந்து அரை மணி நேரம்கூட ஆகவில்லை, விற்றவரிடமிருந்து செய்தி வந்தது: ‘மன்னிக்கவும், மாடிப்படியில் விழுந்து உடைந்துவிட்டது. ரத்துக் கோரிக்கை அனுப்பியிருக்கிறேன், ஒப்புக்கொள்ளுங்கள்.’ பாவம் என்று ஒப்புக்கொண்டேன். அடுத்த வாரம் அதே மிஷின், மூடியில் அதே கீறலோடு, 180 யூரோவுக்கு விற்பனைக்கு வந்திருந்தது.

முதல் தவறு அதுதான். ரத்துக்கு நீங்களே ‘சரி’ சொல்லிவிட்டால், இருவரும் பேசி ஒப்பந்தத்தை முறித்துக்கொண்டதாக ஆகிவிடலாம். அப்புறம் எந்த உரிமையைக் கேட்பது? உடைந்தது என்றால் படம் கேளுங்கள். உடைந்ததை நிரூபிக்க வேண்டியவர் அவர்.

பணம் திரும்பி வந்துவிட்டதே, விஷயம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த தவறு. ஜெர்மன் சட்டப்படி ஏலத்துக்குப் பொருளை வைப்பதே விற்பவரைக் கட்டுப்படுத்தும் முன்மொழிவு. அதிகத் தொகை கேட்டவரோடு ஒப்பந்தம் உண்டாகிவிடுகிறது. பணத்தைத் திருப்பிப் போட்டுவிட்டு அவர் கழன்றுகொள்ள முடியாது. பொருளைக் கேட்கலாம், கிடைக்காவிட்டால் சந்தை மதிப்புக்கும் ஏல விலைக்கும் உள்ள வித்தியாசத்தை நஷ்டஈடாகக் கேட்கலாம்.

‘இவ்வளவு மலிவாக விழுந்ததற்கு எந்த நீதிமன்றம் நம் பக்கம் நிற்கும்?’ என்று தயங்குபவர்கள்தான் அதிகம். 2014 நவம்பரில் கார்ல்ஸ்ரூவில் உள்ள கூட்டாட்சி உச்ச நீதிமன்றம் தீர்த்த வழக்கைப் பாருங்கள். ஒருவர் தன் பழைய பஸாட் காரை ஈபேயில் 1 யூரோ ஆரம்ப விலைக்கு விட்டார். சில நிமிடங்களில் ஒருவர் 555.55 யூரோ வரை போகலாம் என்று பதிந்தார். சில மணி நேரம் கழித்து, வெளியே 4,200 யூரோவுக்கு ஆள் கிடைத்ததும் விற்றவர் ஏலத்தையே நிறுத்திவிட்டார். அப்போது ஏல விலை 1 யூரோவிலேயே நின்றது, காரின் மதிப்போ 5,250 யூரோ. நஷ்டஈடு எவ்வளவு தெரியுமா? 5,249. அடிமட்ட விலை வைக்காமல் 1 யூரோவுக்கு விட்டவர் அவர்தானே, அந்த ஆபத்தும் அவருடையதே என்றது நீதிமன்றம். 2016-இல் இன்னொரு வழக்கு. ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ரகக் காரை விற்றவர் தன் இன்னொரு கணக்கிலிருந்து தானே விலையை ஏற்றிக்கொண்டே போனார். அந்த ஏற்றம் எதுவும் செல்லாது, கார் 1.50 யூரோவுக்கே விற்றதாகத் தீர்ப்பு வந்தது. தர முடியாதவர் 16,500 யூரோ கட்டினார்.

அதற்காக எல்லா ரத்தும் மோசடி அல்ல. ஏலம் நடக்கும்போதே கேமரா திருடு போனதாகச் சொன்ன விற்பனையாளருக்குச் சாதகமாகவே 2011-இல் தீர்ப்பானது. வாங்கும் எண்ணமே இல்லாமல், யார் ஏலத்தை நிறுத்துவார் என்று வலை விரித்து வழக்குப் போடுபவர்களையும் நீதிமன்றங்களுக்குப் பிடிப்பதில்லை.

கோபத்தில் உடனே வேறு கடையில் அதே பொருளை வாங்கி, ‘வித்தியாசத்தைக் கட்டு’ என்று பில்லை அனுப்புவதும் சொதப்பல். முதலில் தேதி குறித்துக் கெடு கொடுங்கள். இரண்டு வாரம் பொதுவாகப் போதும். ‘தரவே மாட்டேன்’ என்று அவர் கடைசியாகச் சொல்லிவிட்டால் மட்டும் கெடு தேவையில்லை. நான் இப்போதெல்லாம் மின்னஞ்சலோடு நிறுத்தாமல் பதிவுத் தபாலும் அனுப்புகிறேன். ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

ஸ்க்ரீன்ஷாட் எடுக்காமல் விடாதீர்கள். விளம்பரம், பொருள் எண், முடிந்த நேரம், உங்கள் ஏலத்தொகை, அவர் அனுப்பிய செய்திகள், எல்லாம் வேண்டும். என்னிடம் மிஷினின் முதல் விளம்பரப் படம் மட்டும் இருந்திருந்தால், இரண்டு கீறல்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டி, என் சம்மதத்தைப் பொய் சொல்லி வாங்கினார் என்று வாதாடிப் பார்த்திருக்கலாம்.

உரிமையைக் கேட்டு வழக்குப் போடுவதற்கான காலக்கெடு பொதுவாக மூன்று வருடம், அதுவும் ஏலம் நடந்த வருடக் கடைசியிலிருந்து. 2025 மார்ச்சில் எடுத்த பொருளுக்கு 2028 டிசம்பர் 31 வரை நேரம் இருக்கிறது.