அப்துல்லாபுரம் ஓடுபாதையின் கதைகளைச் சேர்த்து வைப்பது எப்படி

வேலூர் பக்கத்து அப்துல்லாபுரம் விமான நிலையத்தை, சிறு ஊர்களுக்கும் விமானம் விடும் மத்திய அரசின் உடான் திட்டத்தில் சேர்த்துவிட்டார்கள், அதனால் பழைய கதைகளை இப்போதே பதிவு செய்துவிடுங்கள். முதலில் ஊர்ப் பெரியவர்களிடம் போங்கள். "ஏரோடிரோம் பத்திச் சொல்லுங்க தாத்தா" என்று மொட்டையாகக் கேட்டால் இரண்டு வரியில் முடித்துவிடுவார்கள், "மெட்ராஸ் ஃப்ளையிங் கிளப் பிளேன் தாழப் பறந்தா மாடு மிரளுமா, நீங்க எங்கே நின்னு பார்ப்பீங்க?" என்று கேட்டுப் பாருங்கள், உள்ளங்கையை இறக்கை மாதிரிச் சாய்த்துச் சாய்த்துக் காட்டிக்கொண்டே ஒரு மணி நேரம் பேசுவார்கள். எனக்கு அந்தக் கைதான் முக்கியம், அதனால் குரல் மட்டும் போதாது, அனுமதி கேட்டு வீடியோவே எடுங்கள்.

ஃபேனை நிறுத்திவிடுங்கள், இல்லையென்றால் பதிவில் இரைச்சல்தான் மிஞ்சும்.

பழைய போட்டோ இருந்தால் ஆல்பத்திலிருந்து பிய்க்காமல், ஜன்னல் வெளிச்சத்தில் வைத்து செல்போனில் எடுங்கள். பின்பக்கம் தெரிந்தால் அங்கே எழுதியிருப்பதையும் சேர்த்து.

அப்புறம், வேலி தாண்டி உள்ளே போக வேண்டாம், டிரோனும் வேண்டாம். வேலூர் வெயில் தெரியும்தானே, காலை ஏழு மணிக்கு முன்னால் வெளிச் சாலையில் அந்தத் தாத்தாவோடு மெதுவாக நடங்கள், அவர் எங்கே நிற்கிறாரோ அந்த இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்.