சிவனொளிபாத மலைக்கு ஜெபத்தோடு ஏற: முதல்முறை போகிறவர்களுக்கு

மலை ஏறுவது ஒன்று, மலையில் ஜெபம் செய்வது இன்னொன்று. சூரிய உதயத்தைப் பிடிக்க மூச்சிரைக்க ஓடிப்போய், உச்சியில் நடுங்கிக்கொண்டே படம் எடுத்துத் திரும்புகிறவர்களே அதிகம். மனம் தெளியத்தான் போகிறோம் என்றால் முறையை மாற்ற வேண்டும். கீழே சொல்வது இலங்கையின் சிவனொளிபாத மலைக்கு ஹட்டன், நல்லதண்ணி ஊர்கள் பக்கமாக ஏறும் வழிக்கு. இரத்தினபுரி வழி நீளம் கூடியது, முதல் தடவைக்கு வேண்டாம்.

நாள்

பருவகாலம் மார்கழிப் போயா (முழுநிலா நாள்) முதல் வெசாக் போயா (பெரும்பாலும் மே மாதம்) வரை. அப்போதுதான் படியெங்கும் விளக்கும் தேத்தண்ணிக் கடைகளும் இருக்கும். மற்ற மாதங்களில் மழை, காற்று, இரத்தம் உறிஞ்சும் அட்டை. போயாவும் சனி ஞாயிறும் கட்டாயம் தவிருங்கள். கூட்டம் கூடினால் கடைசிப் படிகளில் மணிக்கணக்காக வரிசையில் நிற்க நேரும், மௌனமும் கலைந்துவிடும். செவ்வாய், புதன் நல்லது.

எடுக்க வேண்டியவை

ஒரு லீற்றர் தண்ணீர், ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி, சிறிய டோர்ச், தடித்த காலுறை இரண்டு சோடி, காற்றுப் புகாத ஜக்கெட், உட்கார மடித்த சாக்கு, பொலித்தீன் பையில் கட்டிய உலர்ந்த சேட். ஜெபமாலை வேண்டுமென்றால் 27 மணி உள்ளதே போதும். 108 மணி மாலை கைப்பிடிக் கம்பியில் சிக்கும். எண்ணுவதற்கு ஃபோன் வேண்டாம். கையில் எடுத்தால் செய்தியும் கூடவே வரும்.

நடையும் நாமமும்

நல்லதண்ணியிலிருந்து சுமார் ஆயிரம் மீற்றர் ஏற்றம், படிகள் ஏறக்குறைய 5,500. தேயிலைக்கு நடுவே போகும் ஆரம்பப் பாதையில் நான்கு அடிக்கு மூச்சை உள்ளே இழுத்து, நான்கு அடிக்கு வெளியே விடுங்கள். செங்குத்துப் படி தொடங்கியதும் ஒரு படிக்கு ஓர் எழுத்து: ந, ம, சி, வா, ய. ஐந்தாவது படியில் நின்று ஒரு முழு மூச்சு. ஐந்து ஒற்றைப்படை என்பதால் அடுத்த சுற்று மற்றக் காலில் தொடங்கும், ஒரே முழங்கால் பாரம் தாங்காது. இயேசு நாமமோ வேறு நாமமோ சொல்கிறவர்களும் இப்படியே எழுத்துக்கு ஒரு படி வைக்கலாம். எழுத்து இரட்டைப்படையில் வந்தால் நிற்கிற இடத்தில் காலை மாற்றிக்கொள்ளுங்கள்.

நாமம் வாய்க்குள் இடறாமல் வருகிறதா? அதுதான் சரியான வேகம். இடறினால் நாமத்தை விடாமல் நடையைக் குறையுங்கள். மேலே போகும் விளக்கு வரிசையை அண்ணாந்து பார்க்காதீர்கள், மனம் சோர்ந்துவிடும். முன்னால் மூன்று படி தெரிந்தால் போதும். எதிரே வருகிறவர்கள் "கருணாவை" என்று வாழ்த்துவார்கள். மௌனத்தில் இருந்தாலும் கைகூப்பிப் பதில் கொடுங்கள்.

வழியில் உள்ள சீத கங்குலை என்ற ஓடையில் கைகால் கழுவுவது வழக்கம். ஈரக் காலோடு காலுறை போட்டால் அடுத்த ஆயிரம் படிக்குள் கொப்புளம் வரும். விரல் இடுக்குவரை துடைத்து, இரண்டாவது சோடியை மாட்டுங்கள்.

பலர் தடுமாறுவது இங்கேதான்

இரவு பதினொரு மணிக்கே புறப்பட்டு மூன்று மணிக்கு உச்சியில் நிற்பவர்களைப் பார்க்கலாம். வியர்வையில் நனைந்த உடம்பில் குளிர்காற்று அடிக்கும்போது பல் கிட்டுகிறதே தவிர ஜெபம் ஓடாது. 2,243 மீற்றர் உயரத்தில் இரண்டு மூன்று மணிநேரம் சும்மா காத்திருப்பது உடம்புக்கும் நல்லதல்ல. இந்த மெதுநடைக்கு நான்கு மணிநேரம் கணக்கு வையுங்கள். 1.30க்கு நல்லதண்ணியை விட்டால் 5.30க்கு மேலே இருக்கலாம், உதயம் ஆறு மணியை ஒட்டித்தான். முந்திவிட்டால் கீழே கடையில் இஞ்சி பிளேன்டீ குடித்து நேரத்தைக் கழியுங்கள்.

ஏறும்போது ஜக்கெட்டைக் கழற்றிவிடுங்கள், லேசாகக் குளிரட்டும். உச்சியை அடைந்ததும் முதல் வேலை நனைந்த சேட்டைக் கழற்றி உலர்ந்ததைப் போடுவது. அதன் மேலேதான் ஜக்கெட். பெண்கள் பலர் கேட்டதற்கு: கூட்டத்தில் உடை மாற்ற முடியாவிட்டால், முதுகுக்கும் நனைந்த துணிக்கும் நடுவே ஓர் உலர்ந்த துவாயைச் செருகுங்கள். பாதிக் குளிர் அதிலேயே போய்விடும்.

உச்சியில்

செருப்பைக் கழற்றி, பாதச் சுவட்டை வணங்கி, மணியை அடியுங்கள். ஏறிய தடவைக்கு ஓர் அடி என்பது வழக்கம், ஆகவே உங்களுக்கு ஒன்று. பிறகு கிழக்குப் பக்க நெரிசலை விட்டு ஓர் ஓரத்தில் சாக்கை விரித்து இருபது நிமிடம். இப்போது நாமத்தை எண்ணாமல், வரும் மூச்சோடு விட்டுவிடுங்கள். தூக்கம் வந்தால் கண்ணைப் பாதி திறந்து வானக்கோட்டில் வையுங்கள். மூடுபனி சூரியனை மறைத்தாலும் எழ வேண்டாம், இருபது நிமிடமும் உட்காருங்கள். வானம் தெளிந்தால், சூரியன் எழுந்ததும் மேற்குப் பக்கம் போய்ப் பாருங்கள். மலையின் நிழல் முக்கோணமாகப் பள்ளத்தாக்கின் மேல் விழுந்திருக்கும். கொஞ்ச நேரத்தில் சுருங்கிவிடும்.

இறக்கம்

முழங்கால் கெடுவது இறக்கத்தில்தான். சிறு எட்டு வைத்து, உடம்பைச் சற்றுப் பக்கவாட்டில் திருப்பி இறங்குங்கள். சீத கங்குலை வரை மௌனம் காக்கலாம். குளிப்பதானால் இறங்கி வரும்போது, வியர்வை அடங்கியபின் குளியுங்கள்.

இருதய நோய், கடும் மூட்டுவலி, ஆஸ்துமா உள்ளவர்கள் உச்சிக்குப் போக வேண்டாம். விடிந்தபின் சீத கங்குலை வரை மெதுவாக நடந்து, தண்ணீர் ஓரமாக அதே இருபது நிமிடம் உட்காரலாம். கற்கள் பாசி படிந்து வழுக்கும், செருப்பைக் கழற்றும் முன் கைக்குப் பிடிமானம் பார்த்துக்கொள்ளுங்கள்.